வெடித்ததா, இல்லையா

மார்ச் 3
மாதவிலக்கு வந்துவிட்டது. மறுபடி முதல் நாள்.

மார்ச் 5
முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை, 2.5 மில்லிகிராம், ஐந்து நாளைக்கு. தெர்மாமீட்டர் தலையணைக்கு அடியில். கண் விழித்ததும் எழக்கூடாது, பேசக்கூடாது, முதலில் நாக்குக்கு அடியில் அதுதான். இன்று அவர் "தூங்கலையா?" என்றார். பதில் சொல்லித் தொலைத்தேன். இன்றைய கணக்கு செல்லுமா?

மார்ச் 11
முட்டை வரும் நாளைக் காட்டும் ஸ்ட்ரிப்பில் இரண்டு கோடும் ஒரே அழுத்தம். நேற்றும் அப்படியே, முந்தாநாளும். நீர்க்கட்டி இருந்தால் ஸ்ட்ரிப் பார்க்கிற எல்ஹெச் ஹார்மோன் சும்மாவே ஏறிக் கிடக்குமாம். போன மாதம் இதை நம்பித்தான் அவரைப் பாதி வேலையில் வரவழைத்தேன். பாவம்.

மார்ச் 12
பத்தாம் நாள் ஸ்கேன். வலப்பக்கம் முட்டைப் பை 12 மி.மீ. இடப்பக்கம் எல்லாம் பொடிசு.

மார்ச் 14
15. நாளுக்கு 2 மி.மீ. வளரணுமாம். என்னுடையது ஒன்றரைதான். எதிலும் அரை குறைச்சல்.

மார்ச் 16
19! கர்ப்பப்பை உள்சுவர், எண்டோமெட்ரியம், 8. பை வெடித்து முட்டை வர, இரவு பத்துக்கு எச்சிஜி ஊசி. 36 மணி நேரம் என்றால் நாளை மறுநாள் காலை பத்து. வெளியே வந்த முட்டை ஒரு நாள் தாங்கினால் பெரிசு, விந்தணு நாலைந்து நாள்கூடக் காத்திருக்கும். அதனால் முட்டை வரும் முன்பே சேரச் சொல்கிறார்கள். ஆனால் உடம்புச் சூடு ஏறுவது முட்டை வந்த பிறகுதானே. பிறகு எதற்கு நான் தினமும் வாயை மூடிக் கிடக்கிறேன்?

மார்ச் 17
சண்டை. இன்றைக்குப் பார்த்தா.

மார்ச் 18
வலது அடிவயிற்றில் சுருக்கென்றது. அதுவா, வாயுவா.

மார்ச் 19
மறுபடி ஸ்கேன். வெடித்திருந்தால் பை சுருங்கியிருக்கும், கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரியும். இரண்டும் இல்லை. 23 மி.மீ. உருண்டையாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முட்டை வந்த பிறகு சுரக்கிற புரொஜெஸ்டிரோன் ஹார்மோன், சிலருக்கு வெடிக்காமலே சுரக்குமாம். சூடு ஏறும், ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்தாலும் அளவு நன்றாகவே வரும், முட்டை மட்டும் உள்ளேயே. டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். வீடு வந்து பழைய சார்ட்டுகளைப் பரப்பினேன். ஜனவரி ஏறியிருக்கிறது. பிப்ரவரி ஏறியிருக்கிறது. பக்கத்தில் நட்சத்திரம் வேறு போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 20
36.7. நேற்றுவரை 36.3. நட்சத்திரம் போடவில்லை.

மார்ச் 21
36.7. அவர் எனக்கு முன்பே விழித்திருந்தார். நான் அதை வாயிலிருந்து எடுக்கும்வரை அவரும் பேசவில்லை.

மார்ச் 22
பத்தரைக்கு ஸ்கேன்.