சோம்பேறி இல்ல, ஹார்ட் ரேட் ஏறாது

எங்கட தம்பிக்கு இப்ப 34 வயசு, டவுன் சிண்ட்ரோம். போன வருஷம் வீட்டுக்குக் கிட்ட ஒரு ஜிம்மில சேர்த்தம். ட்ரெய்னர் நல்ல பெடியன்தான், ஆனா 220-ல வயசைக் கழிச்சா உச்ச ஹார்ட் ரேட் 186, அதில 70 வீதம், அதாவது 130 வரைக்கும் ஏறவேணும் எண்டு ட்ரெட்மில்லைக் கூட்டிக்கொண்டே போனார், இவன் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு முகமெல்லாம் சிவந்து "அக்கா காணும், காணும்" எண்டுறான், ஸ்க்ரீன்ல 120தான் காட்டுது. "சும்மா நடிக்கிறார் அக்கா, ஹார்ட் ரேட் ஏறவே இல்லையே" எண்டார்.

நடிப்பில்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆக்களுக்கு எக்சர்சைஸ் செய்யேக்க அட்ரினலின் வகை ஹோர்மோன் மற்ற ஆக்களுக்குக் கூடுற மாதிரிக் கூடாது, அதால இதயத் துடிப்பும் ஓரளவுக்கு மேல போகாது. அதே வயசு ஆக்களை விட உச்சம் கிட்டத்தட்ட 25, 30 குறைவு. இவனுக்கு 160 அளவிலதான் வரும். அப்ப 130 எண்டா 80 வீதத்துக்கும் மேல. முதல் நாளே ஆரையாவது அப்பிடி ஓட்டுவினமா?

இப்ப நாங்கள் நம்பர் பாக்கிறதே இல்ல. வெயில் தாழ்ந்தாப்பிறகு கடலோரமா கொழும்பு மரைன் டிரைவ்ல நடக்கிறம். அவன் பைலா ஒண்டைப் பாடிக்கொண்டே வருவான், பாட்டு நிண்டு கதை மட்டும் நிக்காம வந்தா அதுதான் சரியான ஸ்பீட். கதையும் நிண்டா பெஞ்சில இருத்திவிடுவன்.

எல்லாரும் "நடக்க விடுங்கோ" எண்டுதான் சொல்லுவினம், ஆனா என்னைக் கேட்டா நடையை விட தசைக்கான பயிற்சிதான் இவைக்கு முக்கியம். பிறப்பிலயே தசை இறுக்கம் குறைவு, மூட்டெல்லாம் தளர்வு, கனபேருக்குப் பாதமும் தட்டை, அதால செருப்போட நடக்க விடாதேங்கோ, நல்ல சப்பாத்து வேணும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னதிலயும் நடை மட்டும் இல்ல, மாற்றுத்திறன் உள்ள பெரியாக்களுக்கும் கிழமைக்கு 150 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது, அதோட ரெண்டு நாளாவது தசைப் பயிற்சி. எங்கட வீட்டில ஒரு லீட்டர் தண்ணிப் போத்தல் ரெண்டு, ஒரு குசினிக் கதிரை, அவ்வளவுதான் சாமான். போத்தலைப் பிடிச்சுக்கொண்டு இருந்து எழும்பவேணும். அவன் சிங்களத்திலதான் எண்ணுவான், எக்கய், தெக்கய், துனய்... ஹதய் (ஏழு) வந்தோட நேரா தஹயய்க்கு (பத்துக்கு) பாய்ஞ்சிட்டு என்ர முகத்தைப் பாப்பான். கள்ளன்.

ஆனா லிஃப்ட் பழுதான நாள் மூண்டு மாடியையும் கம்பியில தொங்காம ஏறிட்டான். அமெரிக்காவில கிறிஸ் நிகிக் எண்ட பெடியன் 2020 நவம்பர்ல நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூண்டும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியை முடிச்சவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆக்களில முதல் ஆள், 16 மணித்தியாலம் 46 நிமிஷம். அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் இல்ல. பெரிய விஷயம்தான், ஆனா எனக்கு அந்த மூண்டு மாடி காணும்.

தொடங்க முதல் டொக்டரிட்ட கட்டாயம் காட்டுங்கோ. பாதிப்பேருக்குக் கிட்ட பிறக்கேக்கயே இதயத்தில ஏதாவது குறை இருக்கும், சின்னனில ஒப்பரேஷன் செய்திருந்தாலும் பெரியாளான பிறகும் பாக்கவேணும். கழுத்தின்ர முதல் ரெண்டு எலும்புக்கும் இடையில சிலருக்குத் தளர்வு இருக்கும், அதால குத்துக்கரணம், தலைகீழா நிக்கிறது, தண்ணிக்குள்ள தலையால பாயிறது எல்லாம் வேண்டாம். நடை திடீரெண்டு மாறினா, கழுத்து நொந்தா, கை பலம் குறைஞ்சா, சிறுநீர் அடக்க ஏலாமப் போனா உடன டொக்டர்.

பிறகு, இவையைச் "சோம்பேறி" எண்டு சொல்லுற கதை. தைரொயிட் குறையிறது இவைக்குச் சரியான பொதுவான விஷயம், குறைஞ்சா ஆள் சோர்ந்துதான் போகும், வருஷத்துக்கு ஒருக்கா டி.எஸ்.எச் எண்ட தைரொயிட் இரத்தப் பரிசோதனை பாக்கவேணும். இரவில குறட்டை விட்டு மூச்சு நிண்டு நிண்டு வருதெண்டா ஸ்லீப் அப்னியாவா இருக்கலாம், அப்பிடி நித்திரை குழம்பின ஆள் பகல்ல தூங்கி விழாம என்ன செய்யும்? எங்கட ஆள் சில நாள் இருந்த இருப்பில முன்னால சரிஞ்சு நித்திரை கொண்டவன், அதுக்கும் வீட்டில ஏச்சுத்தான் வாங்கினவன்.

இதெல்லாம் ஓரளவுக்குச் சரிவந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டில "பாவம் பிள்ளை, ஒண்டுதானே" எண்டு தட்டில ரோல்ஸ் வைக்கிறதை எப்பிடி நிப்பாட்டிறது எண்டுதான் இன்னும் வழி தெரியேல்ல, ஆருக்காவது தெரிஞ்சாச் சொல்லுங்கோ.