மணக்காத கிணறு

பழைய எரிபொருள் களஞ்சியம் இருந்த நிலத்தைச் சோதிக்கப் போனால் முதலில் தேடுவது வரைபடத்தை. தாங்கி எங்கே புதைக்கப்பட்டது, குழாய் எந்த வழியாகப் போனது, பௌசர் எங்கே நின்று இறக்கியது என்பதெல்லாம் அதில் இருக்கும். வன்னியில் அது கிடைக்காது. இடம்பெயர்வுகளில் கூரைகளோடு கோப்புகளும் போய்விட்டன. வவுனியா வடக்கில் நாங்கள் மதிப்பீடு செய்த களஞ்சியத்தில் எஞ்சியிருந்தவை ஒரு சீமெந்துத் தளமும், துருப்பிடித்த காற்றுக் குழாய் ஒன்றும், ஊரவர்களின் ஞாபகமும்தான்.

ஞாபகங்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். தாங்கி வேப்பமரத்தடியில் இருந்தது என்றார் ஒரு ஐயா. அங்கே கணக்கெழுதிய இன்னொருவர், அந்த மரமே பிறகுதான் முளைத்தது என்றார். எண்ணெய் கசிந்திருக்குமா என்று கேட்டபோது மட்டும் இருவரும் ஒரே குரலில் சீறினார்கள்.

"தம்பி, அது பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்த சனம் நாங்கள். நிலத்தில் ஊற்றுவோமா?"

நியாயமான கேள்விதான். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டி, கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விட்ட காலம் அது. ஆனால் சிந்துவதைத்தான் மனிதர் தடுக்க முடியும். தாங்கியின் அடித்தகட்டைத் துரு தின்பதை யார் கண்டார்கள்?

கண்ணிவெடி அகற்றியதற்கான சான்றிதழ் கைக்கு வரும்வரை ஓர் அங்குலமும் துளைக்கவில்லை. நாங்கள் புரட்டும் வெளிநாட்டுக் கைநூல்களில் இந்தப் படி இல்லை. பிறகு சுழற்றித் துளைத்துக்கொண்டு போனோம். மேலே செங்கபில மண். கீழே போகப் போக உக்கிய பாறை. ஓரிடத்தில் சிவப்பு சட்டென்று விலகி, சாம்பல் கலந்த பச்சை நிறம் வந்தது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தீர்த்துவிட்டு மண்ணிலுள்ள இரும்பில் கைவைத்ததன் அடையாளம் அது. அந்த மண்ணைப் பொலித்தீன் பையில் கட்டி, சற்று நேரம் வெயிலில் வைத்து, ஆவி அளக்கும் கருவியின் முனையை உள்ளே விட்டதும் எண்கள் ஏறத் தொடங்கின. கறை மெல்லிய கோடாக இல்லாமல் தடித்த பட்டையாக இருந்தது. மாரியில் நீர்மட்டம் ஏறும், கோடையில் மீற்றர் கணக்கில் இறங்கும்; நீரின் மேல் மிதக்கும் எண்ணெயும் கூடவே ஏறியிறங்கி, இடைப்பட்ட மண் முழுவதையும் பூசிவிடும்.

கசிவு எந்தக் காலத்தது? இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆகவே மண்ணில் ஈயம் இருந்தால் கசிவு அதற்கு முந்தையது என்று வேறு ஊரில் துணிந்து எழுதலாம். இங்கே அந்த ஈயம் துப்பாக்கிச் சன்னத்திலிருந்தும் வந்திருக்கலாம், உடைத்துப் போட்ட பற்றறியிலிருந்தும் வந்திருக்கலாம். ஈயத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல இயலாது என்று அறிக்கையில் எழுதினோம். கணக்கெழுதிய ஐயாவுக்கு அந்த வரி மிகவும் பிடித்தது.

ஊரவர்களின் அச்சமெல்லாம் களஞ்சியத்தை ஒட்டிய கிணற்றின் மேல்தான் இருந்தது. எண்ணெய் கலந்த சுன்னாகத்துக் கிணறுகளைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அது வழக்காகி, உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. இந்தக் கிணற்றிலும் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. மாரியாதலால் நீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. ஒரு குச்சியால் கீறிப் பார்த்தேன். படலம் கண்ணாடித் துண்டுகளைப் போல உடைந்து, உடைந்தபடியே நின்றது. எண்ணெயாக இருந்தால் குச்சியை எடுத்ததும் மீண்டும் ஒன்றுசேர்ந்திருக்கும். அது இரும்பை வைத்து வாழும் பக்டீரியாவின் வேலை. ஆய்வுகூடமும் பிறகு அதையே சொன்னது.

சற்றுத் தள்ளியிருந்த ஒரு வளவின் கிணற்று நீர் தெளிவாக இருந்தது, மணமும் இல்லை. மூன்று புள்ளிகளில் நீர்மட்டத்தை அளந்து போட்ட கணக்கின்படி நிலத்தடி நீர் அந்தப் பக்கம் ஓடவே கூடாது. ஆனால் அங்கே பப்பாசித் தோட்டத்துக்காக நீரிறைக்கும் இயந்திரம் பகல் முழுவதும் ஓடியது. அது நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மாதிரிகளைக் கண்ணாடிக் குப்பிகளில் விளிம்பு வரை நிரப்பி, தலைகீழாகத் தட்டி, ஒரு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாக எடுத்தோம். இடைவெளி இருந்தால், பெற்றோலில் உள்ள பென்சீன் என்ற நச்சு அதற்குள் ஆவியாகிவிடும். குப்பிகளைக் குளிராக வைப்பதற்கான ஐஸை ஒரு மீன் வியாபாரியிடம் வாங்கினோம். ஆய்வுகூடத்தில் பெட்டியைத் திறந்தவர் முகம் சுளித்திருப்பார்.

குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் அதைப் போலப் பல நூறு மடங்கு இருக்க வேண்டும். தெளிந்த கிணற்றின் முடிவு அந்த எல்லையைத் தாண்டியிருந்தது.

வீட்டுக்கார அக்கா நம்பவில்லை. "பக்கத்துக் கிணற்றைத்தான் மூடுவீர்கள் என்று நினைத்தேன். கொதிக்கவைத்தால் போகாதா?" போகும், ஆனால் நீரை விட்டு உங்கள் குசினிக் காற்றுக்குள் போகும் என்றேன். அவர் கணவர் கேட்டது வேறு: அப்படியானால் பப்பாசிக்கு எங்கே இறைப்பது?

குடிப்பதற்குப் பிரதேச சபையின் பௌசர் வருகிறது. தோட்டத்துக்கு மேட்டுப்பக்கத்தில் ஒரு குழாய்க்கிணறு தோண்டுமாறு பரிந்துரைத்திருக்கிறோம். புரட்டாசியில் நீர் அடியில் இறங்கியதும் மறுபடி அளக்க வேண்டும். நிலத்தடி நீரைக் கண்காணிக்க இறக்கிய குழாயில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் மண்ணைத் தோண்டி அகற்றும் செலவைக் கணக்கிடலாம்.