காங்கேசன்துறை ஸ்டேசன்

வடபகுதி ரயில்பாதையில் காங்கேசன்துறைதான் கடைசி நிலையம். ஆனால் யாழ் குடாநாட்டில் கோச்சி, அதாவது ரயில், ஓடத் தொடங்கியது இங்கே இருந்துதான். 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 21 மைல் பாதையைத் திறந்தார்கள். தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த பாதை அப்போது அனுராதபுரத்தைக்கூட எட்டவில்லை. கொழும்பிலிருந்து முதல் ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1905 ஆகஸ்ட் 1ஆம் திகதி. அதுவரை மூன்று வருடத்துக்கு மேல் எங்கள் பக்கத்துக் கோச்சி தெற்கோடு சேராமல் தனியே ஓடியிருக்கிறது. ஊர்ப்பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கொழும்பில் உத்தியோகம், ஊரில் குடும்பம் என்ற வாழ்க்கையை எங்கள் ஆட்களுக்கு அமைத்துக் கொடுத்தது இந்தப் பாதைதான். மாதம் பிறந்தால் மணியோடர் வரும், லீவு கிடைத்தால் ஆள் வரும். பெரியப்பா கொழும்பில் கிளார்க்காக இருந்தவர். இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடிந்து ஊரில் இறங்குவார். திரும்பிப் போகும்போது அம்மம்மா கட்டிக் கொடுக்கும் பெட்டியில் ஒடியல், பனங்கட்டி, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாம் இருக்கும். 1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி கடுகதி ரயில் ஓடத் தொடங்கியதும் பகலிலேயே பயணம் செய்ய முடிந்தது. அப்பா வேலை செய்த சீமெந்துத் தொழிற்சாலையும், துறைமுகமும், கீரிமலைக்கு வரும் சனமும் சேர்ந்து ஸ்டேசனை எப்போதும் கலகலப்பாக வைத்திருந்தன என்று அம்மா சொல்வா.

நான் 1984இல் பிறந்தேன். அடுத்த சனவரியில் முறிகண்டிக்குப் பக்கத்தில் யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கியது. 1990 யூனில் போரால் ரயில் சேவை அடியோடு நின்றது. அதே வருடம் நாங்களும் காங்கேசன்துறையை விட்டுக் கோண்டாவிலுக்கு இடம்பெயர்ந்தோம். ஊர் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயம் ஆனது.

ஆகவே என் பள்ளிக்கூடக் காலத்தில் கோச்சிப் பாதை என்றால் நடந்துபோகும் ஒரு மண்மேடு, அவ்வளவுதான். தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போய்விட்டன. கட்டையை அடுக்கி மேலே மண்மூட்டை போட்டால் ஷெல்லுக்குத் தாங்கும். அதை யாரும் குறையாகப் பேசிக் கேட்டதில்லை, உயிர்தானே முக்கியம். ரயில்வே நிலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொட்டில் போட்டு இருந்தன. பிறகு பாதை திரும்பி வந்தபோது அவர்கள் மறுபடியும் எழும்ப வேண்டியதாயிற்று. திறப்புவிழாப் படங்களில் இந்தக் குடும்பங்கள் இல்லை. பாதையின் கதையைச் சொல்கிறவர்கள் இவர்களை விட்டுவிடக் கூடாது.

இந்தியக் கடனுதவியில் இர்கோன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம் என்று ரயில் ஒவ்வோர் ஊராக மேலே வந்தது. 2015 சனவரி 2ஆம் திகதி, சனாதிபதித் தேர்தலுக்கு ஆறு நாள் முன்பு, காங்கேசன்துறை ஸ்டேசன் திறக்கப்பட்டது.

கொஞ்ச நாள் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோண்டாவிலில் ஏறினேன். இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையும் வர அம்மா அங்கங்கே இருந்த சொந்தக்காரரின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தா. காங்கேசன்துறையில் இறங்கினோம். மேடை புதுசு, சுவர் புதுசு, எல்லாம் துப்புரவு. ஆனால் சுற்றிவர இருந்த காணிகளில் பெரும்பகுதி அப்போதும் இராணுவத்திடம்தான். ஸ்டேசன் மட்டும் திறந்திருந்தது, ஸ்டேசனிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை மூடியிருந்தது. "வீடு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டு அம்மா வாங்கில் இருந்தா. அடுத்த ரயிலில் திரும்பினோம். காணிகள் பிறகு பகுதி பகுதியாக விடுபட்டன, எங்களுடையதும் கிடைத்தது. இன்னும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஊருக்கு ரயில் முதலில் வந்து சனம் பிறகு வந்ததை நான் ஒருநாளும் சரியென்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த ரயில் வந்தது எனக்குச் சந்தோஷம்தான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது நான் தேடுவது 1990க்கு முந்திய ஸ்டேசனின் படங்களை. இடம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் அல்பங்கள் மிஞ்சவில்லை. கொழும்பிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் இருக்கலாம். மெயிலுக்கு வழியனுப்ப வந்து மேடையில் நின்று எடுத்த படம், அங்கே வேலை செய்தவர்களின் படம், பழைய டிக்கெட் துண்டு, எதுவானாலும் பரவாயில்லை. இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்கள் யார், எந்த வருடம் என்பதையும் எழுதிவிடுங்கள். அம்மாவிடம் காட்டி மிச்சப் பெயர்களை நான் கேட்டு எழுதுகிறேன்.