பட்டியலில் ஏறிய ஐபி: ஆகஸ்ட் குறிப்புகள்

2025 ஆகஸ்ட் 18, திங்கள்

கடையைத் திறக்கும் முன்பே கானாடுகாத்தான் ஆச்சியிடமிருந்து போன். பெரிய வீட்டை விடுதியாக்கி நடத்துகிறவர். "ஏப்பா, பிரான்சு ஏஜென்டுக்கு ரேட்டு கார்டு அனுப்புனேன், அப்படியே திரும்பி வந்துருச்சு. எங்கள சேத்துக்கிட மாட்டோம்னு இங்கிலீஷ்ல போட்ருக்காக."

பிரெஞ்சுக் கூட்டம் வருவது டிசம்பர், ஜனவரியில்தான். ஆனால் அறைப் பேச்சு இப்போதே முடியாவிட்டால் அவர்கள் வேறு வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள். திரும்பி வந்த மெயிலை அப்படியே எனக்கு அனுப்பச் சொன்னேன். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், முழு மெயில் வேண்டும் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

அதில் பார்க்க வேண்டிய வரி ஒன்றுதான். 550 5.7.1 என்ற மறுப்பு எண், அதன் பின்னால் நம் சர்வரின் ஐபி (இணையத்தில் அதன் முகவரி எண்), அதன் பின்னால் எந்த பிளாக்லிஸ்டை (ஸ்பாம் என்ற குப்பை மெயில் அனுப்பும் ஐபிகளின் பட்டியலை) பார்த்து மறுத்தார்கள் என்ற பெயர். எண் 4 என்று தொடங்கியிருந்தால் "இப்போது இல்லை, அப்புறம் வா" என்று பொருள், நம் சர்வர் தானே திரும்பத் திரும்ப முயலும். 5 என்றால் முடிந்தது கதை, அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

என் பொறுப்பில் உள்ள அந்த ஒரே சர்வரில்தான் ஆச்சியின் விடுதி, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, காரைக்குடிப் பலகாரக் கடை, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்பவர் என்று எல்லோருடைய மெயிலும் ஓடுகிறது. ஐபி ஒன்றே. ஒருவர் பெயர் கெட்டால் நாலு பேருக்கும் கெடும்.

பட்டியலில் இருக்கிறோமா என்று பார்ப்பது எளிது. ஐபியின் நான்கு எண்களைத் தலைகீழாக அடுக்கி, பட்டியலின் பெயரை ஒட்டவைத்து, இணையத்தின் பெயர்ப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் கேட்க வேண்டும். 203.0.113.25 என்றால் 25.113.0.203 என்று கேட்பது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் நிம்மதி. 127.0.0 என்று தொடங்கும் பதில் வந்தால் ஏறிவிட்டோம். எனக்கு 127.0.0 தான் வந்தது.

அதே நாள், இரவு

பலர் இந்த இடத்தில் செய்வது, நேரே அந்தப் பட்டியலின் பக்கத்துக்குப் போய் "நீக்கு" பொத்தானை அழுத்துவது. உள்ளே ஒழுகிக்கொண்டே இருந்தால் நீக்கிய அன்றைக்கே மறுபடி ஏற்றிவிடுவார்கள், அடுத்த தடவை நம் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் முதலில் லாக், சர்வர் தான் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் பதிவேடு.

தேடவே வேண்டியிருக்கவில்லை. மெயில் வரிசையில் நாலாயிரத்துக்கு மேல் கிடந்தது. எல்லாம் டைல்ஸ் பட்டறையின் கணக்குப் பிரிவு முகவரியிலிருந்து. சனிக்கிழமை ராத்திரி தொடங்கியிருக்கிறது. சுதந்திர தினத்தோடு சேர்ந்து வந்த விடுமுறை, பட்டறை பூட்டிக் கிடந்த நேரம். அந்த முகவரிக்குச் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கண்டங்களிலிருந்து ஆள் உள்ளே வந்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கணக்கர் அவ்வளவு வேகமாகப் பயணம் செய்ய வாய்ப்பில்லை.

முதலில் வரிசை முழுவதையும் நிறுத்திவைத்தேன். பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். அது மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ளே நுழைந்து திறந்து வைத்திருக்கும் இணைப்புகள் பாஸ்வேர்டு மாறினாலும் அறுந்துவிடுவதில்லை, சேவையை மறுபடி தொடங்கித்தான் வெட்ட வேண்டும். அதன் பிறகு அந்த ஒரு முகவரியின் மெயில்களை மட்டும் பொறுக்கி அழித்தேன். மொத்தமாக அழித்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில் பலகாரக் கடையின் பில்லும் ஆச்சியின் கடிதங்களும் இருந்தன.

அந்த அஞ்சல்பெட்டியில் புதிதாக ஒரு ஃபில்டர் முளைத்திருந்தது. அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. திரும்பி வரும் மெயில் எதுவானாலும் கண்ணில் படாமல் குப்பைக்குத் தள்ளு என்பது அதன் வேலை. திருடியவன் தடத்தைக்கூட ஒழுங்காகப் பெருக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறான். இதை விட்டுவிட்டுப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், இனி உண்மையாகத் திரும்பும் மெயில்களும் அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆத்தங்குடிக்குப் போனேன். போனில் சொன்னால் ஆகாத விஷயம்.

பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, கரண்டியால் சிவப்பும் பச்சையும் அறை அறையாக ஊற்றுகிறார் ஒருவர். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரச் சாந்தைப் போட்டு மட்டம் தட்டுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் வந்த வேலையை மறந்து நிற்க வைத்துவிடும்.

கணக்குப் பார்க்கும் பெண் சனிக்கிழமை வந்த மெயிலைக் காட்டினார். "உங்கள் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும்." சுட்டியை அழுத்தினால் நம் வெப்மெயில் முகப்பு அச்சு அசலாக வருகிறது. மேலே இருக்கும் முகவரி மட்டும் வேறு. கொச்சிக் கட்டடக் கலைஞருக்கு எஸ்டிமேட் போக வேண்டிய அவசரத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டார்.

பட்டறைக்கார அண்ணன் அவரைத் திட்ட ஆரம்பித்தார். நான் தடுத்தேன். திட்டு வாங்கியவர் அடுத்த முறை எதையாவது அழுத்திவிட்டால் வாயைத் திறக்கமாட்டார், எனக்குத் திங்கள் காலை தெரிந்தது அடுத்த வாரம்தான் தெரியும்.

"சரி தம்பி, அந்த நம்பரே வேண்டாம். புது ஐபி ஒண்ணு வாங்கிப் போட்ருவோம்" என்றார் அண்ணன்.

வாங்கலாம், காசும் அதிகமில்லை. ஆனால் புது ஐபிக்கு நல்ல பெயரும் கிடையாது, கெட்ட பெயரும் கிடையாது. பெரிய மெயில் நிறுவனங்கள் முன்பின் தெரியாத ஐபியைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். நமக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் என்ன செய்துவிட்டுப் போனாரோ, அதுவும் நம் தலையில் விழும். பட்டியல் நடத்துகிறவர்களுக்கோ ஐபி மாற்றி ஓடுகிறவன் என்றாலே ஸ்பாம்காரன்தான். வருஷக்கணக்காக ஒழுங்காக நடந்த ஐபியை விட்டுவிட்டு ஓடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

"நாம அனுப்பலையே, எவனோ அனுப்புனதுக்கு நம்மள ஏன் போடணும்?" என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். நம் வீட்டு வண்டியை எவனோ ஓட்டிப்போய் ஊரார் வேலியை இடித்தால், பார்த்தவர் வண்டி நம்பரைத்தான் எழுதிக்கொள்வார் என்று சொன்னேன். அண்ணன் சமாதானமாகவில்லை, ஆனால் காபி வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

நேற்றிரவு முழுக்க லாக் சுத்தம். காலையில் நீக்கக் கோரி எழுதினேன். நீளமாக எழுதவில்லை. ஒரு பயனரின் பாஸ்வேர்டு ஃபிஷிங்கில் (போலிப் பக்கம் காட்டிப் பறிப்பதில்) போனது, இன்ன நேரம் தொடங்கி இன்ன நேரம் நிறுத்தப்பட்டது, இணைப்புகள் வெட்டப்பட்டன, ஃபில்டர் நீக்கப்பட்டது, இனி மணிக்கு இத்தனைதான் என்று வரம்பு போட்டிருக்கிறோம். அவ்வளவுதான். "எங்கள் தொழில் பாதிக்கிறது, மூன்று தலைமுறை நிறுவனம்" என்றெல்லாம் எழுதக் கை துறுதுறுக்கும். படிப்பவருக்கு அது வேண்டாம். ஓட்டை எங்கே, அடைத்தாயா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில், நூற்றுக்கு அருகில் பட்டியல்களை ஒரே நேரத்தில் சோதித்துக் காட்டும் தளம் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். இன்னொரு பட்டியலிலும் சிவப்பு. அது நம் ஐபியைத் தனியாகப் பிடித்ததில்லை, டேட்டா சென்டரின் முகவரிகளை மொத்தமாக வளைத்துப் போட்டிருக்கிறது. சீக்கிரம் நீக்க வேண்டுமானால் பணம் கட்டலாம் என்று அழைப்பு வேறு.

கட்டமாட்டேன். பட்டியல் நடத்துகிறவர்களுக்கான நடைமுறை பற்றி 2012இல் வந்த ஆர்எஃப்சி 6471 என்ற ஆவணமே, நீக்கக் காசு வாங்கும் பட்டியல்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று பரிந்துரைக்கிறது. அதைவிட முக்கியம், நமக்குத் திரும்பிய மெயில்களில் ஒன்றில்கூட அந்தப் பட்டியலின் பெயர் இல்லை. யாரும் பார்க்காத பலகையில் நம் பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சிவப்பு எத்தனை என்று எண்ணுவதைவிட, திரும்பி வந்த மெயில் யார் பெயரைச் சொல்கிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

பட்டியல் என்றாலே வேதவாக்கு என்று நினைப்பவர்களுக்கு ஓஆர்டிபி என்ற பழைய பட்டியலின் கதையைச் சொல்வேன். இணையப் பொறியாளர் பால் விக்சி இத்தகைய பட்டியல்களை 1997இல் தொடங்கிவைத்த வழியில் முளைத்த பலவற்றில் அதுவும் ஒன்று. 2006 டிசம்பரில் மூடிவிட்டார்கள். மூடியது தெரியாமலே எத்தனையோ சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் ஒருநாள், எந்த ஐபியைக் கேட்டாலும் "இருக்கிறது" என்று பதில் வரத் தொடங்கியது. செத்த பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்த சர்வர்கள் வந்த மெயிலையெல்லாம் தள்ளிவிட்டன. நம் சர்வர் உள்ளே வரும் மெயிலுக்கு எந்தப் பட்டியல்களைக் கேட்கிறது என்று இன்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன.

சாயங்காலம் பதில் வந்துவிட்டது, நீக்கிவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நீக்கியதும் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடாது. பழைய பதிலை அவரவர் டிஎன்எஸ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். இதை ஆச்சியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெங்களூரிலிருந்து அவர் மருமகன் லைனில் வந்தார். சாஃப்ட்வேரில் இருப்பவர். "நானே செக் பண்ணேன், ஸ்பாம்ஹாஸ்லயும் இருக்கோம்" என்றார். பிளாக்லிஸ்ட் நடத்தும் பெரிய அமைப்பு அது.

என்ன பதில் வந்தது என்று கேட்டேன். 127.255.255.254.

அது பட்டியல் பதிலே இல்லை. 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (யாரும் பயன்படுத்தக்கூடிய டிஎன்எஸ் சர்வர்) வழியாக வந்து கேட்டால் ஸ்பாம்ஹாஸ் திருப்பும் பிழை எண் அது. 127.0.0 என்று வருவதுதான் பட்டியல். சில சர்வர்களே இதைப் பிரித்துப் பார்க்காமல், ஏதோ பதில் வந்துவிட்டது, எனவே ஸ்பாம் என்று முடிவுகட்டி நல்ல மெயிலைத் தள்ளுவதுண்டு. மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "ஓகே சார்" என்றார். முதல் தடவையாக சார்.

பட்டியலிலிருந்து இறங்கினாலும் திங்கட்கிழமைக்குள் 5இல் திரும்பியவை தானாகப் போகாது, மறுபடி அனுப்பியாக வேண்டும். 4இல் காத்திருப்பவற்றை மட்டும் நம் சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை விடாமல் முயன்று பார்க்கும். யார் யாருக்குத் திரும்பியது என்று லாக்கிலிருந்து எடுத்து நாலு பேருக்கும் தனித்தனிப் பட்டியல் கொடுத்தேன். பழம்பொருள்காரர் "அதுல பாதிப் பேருக்கு நான் வாட்ஸ்அப்லயே அனுப்பிட்டேனே" என்றார். நல்லது.

ஆச்சி பிரான்சுக்கு மறுபடி அனுப்பினார். அங்கே நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏஜென்டின் பதில் வந்தது. எட்டு அறை, ஜனவரி, அதோடு சமையல் வகுப்பு உண்டா என்று ஒரு கேள்வி. ஆச்சிக்கு இதுவரை நடந்தது எல்லாம் மறந்துபோய் பால் பணியாரத்துக்கு எத்தனை பேரை அடுப்பருகே விடலாம் என்ற யோசனை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 23, சனி

பலகாரக் கடையில் ஒரு வாக்குவாதம். "எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் போட்டுட்டேன், இனி பிரச்சினை வராதுன்னு போன வருஷம் சொன்னீங்களே?"

அவை மூன்றும் மெயில் உண்மையில் நம்முடையதுதானா என்று பார்க்கும் சோதனைகள். மற்றவன் நம் பெயரைப் போட்டு வேறு சர்வரிலிருந்து அனுப்பினால் அவை பிடிக்கும். இது நம் சர்வரிலிருந்தே, நம் பாஸ்வேர்டோடு, நம் கையெழுத்தோடு போனது. அந்த நாலாயிரம் குப்பையும் மூன்று சோதனையிலும் சுத்தமாகத் தேறியிருக்கும். இதற்கு மருந்து இரண்டாவது அடையாளச் சோதனையும் வெளியே போகும் எண்ணிக்கைக்கு வரம்பும்தான். டைல்ஸ் பட்டறை ஒரு நாளில் நாற்பது மெயில் அனுப்பினால் அதிகம். மணிக்கு ஐம்பது தாண்டினால் நிறுத்தி எனக்குச் செய்தி வருமாறு வைத்துவிட்டேன். சனி இரவே இது இருந்திருந்தால், ஐம்பதோடு முடிந்திருக்கும்.

வரம்பு என்றதும் கடைக்காரர் முகம் மாறியது. அக்டோபர் 20 தீபாவளி. சிங்கப்பூர், மலேசியா என்று பல வருஷமாகச் சேர்த்த வாடிக்கையாளர் எல்லோருக்கும் சீப்புச் சீடை, மனோகரம் விலைப்பட்டியல் ஒரே நாளில் போக வேண்டுமாம். அந்த முகவரிகளில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அவருக்கும் தெரியாது. கைவிடப்பட்ட முகவரிகளில் சிலவற்றைப் பட்டியல்காரர்கள் பொறியாக வைத்திருப்பார்கள், அதில் விழுந்தால் மறுபடி ஏறுவோம். ஜிமெயில் பக்கம் ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று 2024 பிப்ரவரியிலிருந்து விதி. ஆயிரத்துக்கு மூன்று பேர் எரிச்சலில் பொத்தானை அழுத்தினால் போதும்.

கடைசியில் ஒத்துக்கொண்டார். விளம்பர மெயில் எல்லாம் மொத்த மெயிலுக்கென்றே இருக்கும் சேவை வழியாக, தனி சப்டொமைனில் (கடையின் இணையப் பெயரின் கிளைப் பெயரில்) போகும். போன இரண்டு வருஷத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும். ஒரு பொட்டலம் தேன்குழலைக் கையில் திணித்தார், பில்லில் கழித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாளை சதுர்த்தி. பிள்ளையார்பட்டித் தேருக்குப் போகிற கூட்டத்தில் குன்றக்குடிச் சாலை நகரவில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன்.

மெயில் வரிசை காலியாக இருக்கிறது. நான்கு நிறுவனங்களிலும் எல்லோருக்கும் பாஸ்வேர்டு மாற்றி, இரண்டாவது சோதனை போட்டாயிற்று. ஆத்தங்குடி அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாக்கி. ஓடிபி வரும் போன் எப்போதும் பேரன் கையில் இருக்கிறதாம், வியாழன் நேரில் போய்ப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காசு கேட்ட பட்டியலில் இன்னும் சிவப்புதான்.