மல்லார்டின் நடு வால்வு: பிளைவுட்டில் செய்து பார்த்தேன்

மல்லார்ட் என்ற பிரிட்டிஷ் நீராவி ரயில் எஞ்சினின் நீல உடலை மாதிரியாகச் செய்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எனக்கோ அதற்குள் கண்ணில் படாமல் கிடக்கும் நெம்புகோல் இணைப்பின் மீதுதான் ஆசை. அதைப் பிளைவுட்டில் செய்து, இப்போது அசைத்தும் பார்த்துவிட்டேன்.

பொறியாளர் கிரெஸ்லி வடிவமைத்த அந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் நீராவியை விடுவது ஒரு வால்வு. நடுச் சிலிண்டரின் வால்வுக்கு மட்டும் தனி இயக்கம் கிடையாது. இரண்டு நெம்புகோல்கள் வெளி வால்வுகளின் அசைவைக் கூட்டி, எதிர்த்திசையில் நடு வால்வுக்குக் கொடுக்கின்றன. பெரிய நெம்புகோலின் கைகளை 200, 100 மி.மீ. என்றும், சின்னதன் கைகளை 100, 100 என்றும் அறுத்தேன். சின்னதன் நடுவைப் பெரியதன் குட்டைக் கை முனையில் ஆணியால் கோத்தேன். பெரியதன் நீண்ட கை முனையும் சின்னதன் ஒரு முனையும் வெளி வால்வுகளுக்கு; சின்னதன் மறுமுனை நடு வால்வுக்கு. வெளி முனைகள் இரண்டையும் 10 மி.மீ. முன்னே தள்ளினால் நடு முனை 20 மி.மீ. பின்னே வருகிறது. ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளினால் நடு முனை அசையாமல் நிற்கிறது. எத்தனை அழகான கணக்கு!

அடுத்து, தேய்மானம் என்ன செய்யும் என்று பார்க்க, பெரிய நெம்புகோலின் ஊன்றுமுனைத் துளையை வேண்டுமென்றே 6 மி.மீ. ஆக்கினேன், போல்ட் 5 மி.மீ. வெளி முனைகளை இறுகப் பிடித்திருந்தும் நடு முனை 3 மி.மீ. ஆடியது. ஊன்றுமுனையின் ஆட்டம் நடுவில் மும்மடங்காகிறது. நிஜ எஞ்சினில் அதிவேகத்தில் தண்டுகளின் வளைவும் சேர்ந்துகொள்ளும். நடு வால்வு அளவுக்கு மேல் திறக்கும், நடு பிஸ்டன் தன் பங்குக்கு மேல் உழைக்கும், அந்தக் கூடுதல் சுமை நடு இணைப்புத் தண்டின் பேரிங்கில் இறங்கும்.

1938 ஜூலை 3 அன்று ஸ்டோக் சரிவில் மணிக்கு 202.8 கி.மீ. எட்டிய மல்லார்டில் சூடேறிக் கெட்டது அந்த பேரிங்தான். பீட்டர்பரோவில் எஞ்சினை ரயிலிலிருந்து கழற்றிவிட வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் 05 002 எஞ்சின் 1936 மே 11 அன்று ஹாம்பர்க்–பெர்லின் பாதையில் எட்டியது 200.4. அது சமதளத்தில் வந்தது, மல்லார்டினுடையது இறக்கத்தில் வந்தது என்ற ஜெர்மானியர் வாதத்தில் நியாயம் உண்டு. இரண்டு நாடுகளின் மானப் பிரச்சினையில் 2.4 கி.மீ. பெரிய வித்தியாசம்தான்; ஆனால் அந்த வித்தியாசத்துக்காக பேரிங்கையே பணயம் வைத்திருக்கிறார்கள் என்பது என் மேசையில்தான் எனக்கு உறைத்தது.

2008இல் இங்கிலாந்தில் புதிதாகக் கட்டி முடித்த டொர்னாடோ என்ற நீராவி எஞ்சினில் இந்த நெம்புகோல் இணைப்பு இல்லை; மூன்று சிலிண்டர்களுக்கும் தனித்தனி வால்வு இயக்கம். 2017இல் அது மணிக்கு 161 கி.மீ. தொட்டது.

இனி என் மாதிரியின் ஊன்றுமுனைக்குப் பித்தளை புஷ் (துளைக்குள் பொருத்தும் சிறு குழாய்) போட வேண்டும். பிறகு சின்ன நெம்புகோலின் நடு ஆணிக்கு. அங்கே ஆட்டம் இருமடங்கு. மற்ற ஆணிகள் பொறுக்கலாம்.