பூங்கா வாசலில் இரண்டு அங்குலம்

அக்டோபர் 6, 2024, ஞாயிறு

தெருமுனைப் பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் வந்துவிட்டன என்று கேள்விப்பட்டதிலிருந்து மனசு அங்கேயே இருந்தது. எனக்கு முதுகுத்தண்டு அடிபட்டு ஒன்பது வருஷம். சக்கர நாற்காலியை நாள் முழுக்க முன்னால் தள்ளித் தள்ளித் தோள்கள் வலிக்கின்றன. அதற்கு ஈடாகப் பின்னால் இழுக்கிற பயிற்சி கட்டாயம் வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

காலை ஆறு மணிக்கே போனேன். வாசலோடு சரி. மாடும் பைக்கும் நுழையாமலிருக்க இரும்புக் குழாய்களை வளைத்துத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். இடைவெளி 24 அங்குலம். என் நாற்காலி 26. உள்ளே எல்லோரும் கைவீசி நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அழுகை.

அக்டோபர் 13

பக்கத்து வீட்டுப் பாட்டியும் அவர் பேரனும் டேப் பிடிக்க வந்தார்கள். வாசல்படி ஆறு அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்கிற 1:12 கணக்குப்படி அதற்கு ஆறடி நீளச் சரிவு போதும், இடம் தாராளமாக இருக்கிறது. உள்ளே தரை முழுக்க மணல், முன்சக்கரம் புதைந்துவிடும். தோளுக்காகக் கையால் சுற்றுகிற சக்கரமான ஷோல்டர் வீல் என் கைக்கு எட்டாத உயரம். கையால் இழுக்கும் கருவிகள் எல்லாவற்றிலும் இருக்கையை வெல்டு வைத்துவிட்டார்கள். ஒன்றிலாவது இருக்கை இல்லாமல் விட்டிருந்தால் நாற்காலியோடு நேராக உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்துவிடலாம். இதற்குச் செலவு கூடாது, குறையத்தான் செய்யும்.

பாட்டி படியைக் காட்டி, “என்னாலயும் இதுல ஏற முடியல கண்ணு. வெளிய சொல்லல, அவ்வளவுதான்” என்றார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

நவம்பர் 11, திங்கள்

குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாயிற்று. 63 கையெழுத்துகள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும், பொது இடங்களை எல்லோரும் அணுகும்படி அமைக்க 2021இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகளையும் குறிப்பிட்டிருக்கிறேன். “வழிகாட்டுதல்தானே, கட்டாயமில்லையே” என்று முன்பு ஒருவர் சொன்னார். மூன்று நாள் முன்னால்தான், பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகுவது பற்றிய ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அந்தச் செய்தியை வெட்டி மனுவோடு இணைத்தேன்.

டிசம்பர் 3

மாற்றுத்திறனாளிகள் தினம். எங்கோ விழா, எங்கோ சால்வை. மனுவுக்குப் பதில் இல்லை.

ஜனவரி 9, 2025

பொறியாளர் நேரில் வந்தார். நல்ல மனுஷர், கேட்டுக்கொள்கிறார். “மேடம், தடுப்பை எடுத்தா மாடு வந்துடும், பசங்க பைக்கை விடுவாங்க.” நியாயமான கவலைதான். தடுப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவேயில்லை. பக்கத்தில் மூன்றடிக் கதவு, உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள், அவ்வளவுதான் கேட்கிறோம். மாட்டுக்குத் தாழ்ப்பாள் திறக்கத் தெரியாது. பைக்குக்காரரைக் கேள்வி கேட்கக் காலையும் மாலையும் காவலாளி இருக்கிறார்.

மெரினாவில் எங்களைப் போன்றவர்கள் கடல்வரை போக 2022இல் மணல்மேல் போட்ட மரப்பாதையைப் பற்றியும் சொன்னேன். திறந்த சில நாளில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியபோது, கடலை அருகில் பார்த்துவிட்டு வந்த என் தோழி போனில் அழுதாள். புயலில் சேதமானாலும், மணல்மேல் பாதை போடவே முடியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 16

கதவு வைத்துவிட்டார்கள்! சரிவும் போட்டாயிற்று, ஆனால் ஓரத்தில் கைப்பிடி இல்லை. அது பாட்டிக்கு வேண்டும், எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாழ்ப்பாளை நானே திறந்தேன். உள்ளே சிமெண்ட் தளம் எட்டடி, அப்புறம் மணல். அங்கேயே நின்றுகொண்டேன். பேரன் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு, தளம் முடிகிற இடத்திலிருந்து ஷோல்டர் வீல் வரைக்கும் நாலடி அகலத்தில் இரண்டு கோடு இழுத்தான். டேப் வைத்தோம். 37 அடி. நாளைக்கு அந்த 37 அடிக்கு பேவர் பிளாக் கேட்டு அடுத்த மனு. பாட்டி இப்போதே பேனா கேட்கிறார்.