எக்லிப்ஸ் எந்த ஜாவாவில் ஓடுகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே புதுச்சேரி நிறுவனம் ஒன்றுக்கு ஜாவா நிரல் எழுதி வருகிறேன். பழைய திட்டம் என்பதால் நிரல் எழுத உதவும் மென்பொருளான எக்லிப்ஸின் 2020-06 வெளியீட்டை விட்டு நகர முடியாத நிலை. அதில், நிரலின் தரத்தைச் சோதிக்கும் ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) ஒன்றை நிறுவ முயன்றபோது, தேவையான சில பகுதிகள் கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தியோடு நிறுவல் பாதியில் நின்றுவிட்டது.

இணையத்தில்தான் கோளாறு என்று முதலில் எண்ணினேன். அன்று கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்துகொண்டிருந்ததும் அந்த எண்ணத்துக்குத் துணையாயிற்று. எல்லா அப்டேட் தளங்களிலும் தேடச் சொல்லும் பெட்டியில் டிக் செய்து மீண்டும் முயன்றதில், காத்திருந்ததுதான் மிச்சம். பிறகு ப்ளக்இன்னின் ஜார் கோப்பைப் பதிவிறக்கி எக்லிப்ஸின் 'டிராப்இன்ஸ்' கோப்புறையில் போட்டு, பழைய சேமிப்புகளைத் துடைக்கும் '-க்ளீன்' கட்டளை கொடுத்துத் திறந்தேன். பிழையும் காட்டவில்லை, ப்ளக்இன்னும் வரவில்லை. தேவை நிறைவேறாத ப்ளக்இன்னை எக்லிப்ஸ் ஓசையின்றி ஒதுக்கிவிடும் என்பதால், அந்தக் குறுக்குவழியை இனி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாலையில்தான் பிழைச்செய்தியின் விவரத்தைக் கடைசி வரி வரை படித்தேன். அது கேட்டது வேறொரு ப்ளக்இன்னை அல்ல, ஜாவா 11ஐ. ஆனால் ஜாவா 11 என் கணினியில் ஏற்கெனவே இருந்தது. ஜாவா எங்கே இருக்கிறது என்று மென்பொருள்களுக்குச் சொல்லும் ஜாவா_ஹோம் அமைப்பும் அதைத்தான் சுட்டியது. திட்டத்தை பில்டு செய்யும் கருவியான மேவனும் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. குழப்பத்தோடு, முத்தியால்பேட்டையில் இருக்கும் மூத்த சக பணியாளரை அழைத்தேன்.

"மேவனை விடு தம்பி, எக்லிப்ஸ் எதுல ஓடுதுன்னு பாத்தியா?" என்றார் அவர்.

'அபவுட்' பகுதியில் 'இன்ஸ்டலேஷன் டீடெயில்ஸ்' திறந்து, 'கான்பிகரேஷன்' தாவலைப் பார்த்தபோது, ஜாவா பதிப்பு 1.8, அதாவது ஜாவா 8, என்றிருந்தது. எக்லிப்ஸ் ஜாவா_ஹோமைப் பொருட்படுத்துவதில்லை. தனியாகச் சொல்லாவிட்டால் பாத் வரிசையில் (நிரல்களைத் தேடக் கணினி பார்க்கும் கோப்புறைப் பட்டியலில்) முதலில் அகப்படும் ஜாவாவையே எடுத்துக்கொள்ளும். எப்போதோ நிறுவிய ஜாவா 8 அங்கே முந்தி நின்றது.

எக்லிப்ஸின் தொடக்க அமைப்புகள் இருக்கும் எக்லிப்ஸ்.ஐஎன்ஐ கோப்பின் கடைசியில், எந்த ஜாவாவில் ஓடவேண்டும் என்று குறிக்கும் '-விஎம்' என்றும், அதற்கு அடுத்த வரியில் ஜாவா 11 இருக்கும் பாதையையும் எழுதினேன். மீண்டும் 1.8! '-விஎம்ஆர்க்ஸ்' என்ற வரிக்குப் பின்னால் எழுதுவதெல்லாம் நேராக ஜாவாவுக்குப் போய்விடும், எக்லிப்ஸ் அதைப் படிப்பதே இல்லை. அந்த இரண்டு வரிகளையும் '-விஎம்ஆர்க்ஸ்'க்கு மேலே ஏற்றிய பிறகுதான் பதிப்பு 11 என்று காட்டியது.

டிராப்இன்ஸில் போட்ட ஜார் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். சில நிமிடங்களில் முடிந்தது. வாடிக்கையாளரின் நிரல் ஜாவா 8க்கானது என்பதால் சற்று அஞ்சினேன். எனினும் எக்லிப்ஸ் ஓடும் ஜாவா வேறு, திட்டத்துக்கென 'இன்ஸ்டால்டு ஜேஆர்ஈ' பட்டியலில் தேர்ந்தெடுத்த ஜாவா வேறு. திட்டம் அதன் 8இலேயே பிழையின்றி பில்டு ஆயிற்று.